இருநூறு சதவீதம்

கீழ்க்கோத்தகிரியிலிருந்து பதினாறு படம் அனுப்பியிருந்தார் போஜன்.
மூன்று காட்டேஜ், வாசலில் ஹைட்ராஞ்சியா,
காசு கொடுத்து நிறுத்தியதுபோல் அளவான மூடுபனி.
பதினோராவது படத்துக்கு மட்டும் ஒரு குரல்பதிவு:
"தரையைக் கொஞ்சம் பாத்துக்கம்மா."

பார்த்தேன்.
புல்வெளிக்குக் குறுக்கே ஒரு கோடு,
சில்வர் ஓக் அடியில் தொடங்கி
மூன்றாம் காட்டேஜின் படிக்கல் வரை.
நிழல் என்றுதான் முதலில் நினைத்தேன்.
நிழலுக்கு உள்ளே இத்தனை சிவப்பு இருக்காது.

முகவேலை மாதிரி இல்லை தரைவேலை.
பருவை எடுத்தால் நன்றி சொல்வார்கள்.
தரையில் எதை எடுத்தாலும்
அங்கே ஒன்றும் இருந்ததில்லை என்று ஆக வேண்டும்.
கிட்டத்துப் புல் தடிமன், எட்டத்துப் புல் பொடி.
இதை அங்கே ஒட்டினால் மலை பொம்மையாகிவிடும்.
வெயில் இடமிருந்து விழுந்தால்
கடன் வாங்கும் புல்லும் இடப்பக்கம் வெளுத்திருக்க வேண்டும்.
ஒரே இடத்தில் இரண்டு தடவை அள்ளக் கூடாது;
அதே வெள்ளைப் பூ
அதே சாய்வில் மறுபடி வந்து நின்று
காட்டிக்கொடுத்துவிடும்.

ஆல்ட்டை அழுத்தி, நல்ல நிலத்தில் ஒரு கை அள்ளினேன்.
குன்னூரில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
வர்க்கி வேகும் வாசம் ஏறிவரும் அறையில் உட்கார்ந்து
எங்கோ ஒரு சரிவை மூடிக்கொண்டே வந்தேன்.

பிளாஸ்திரி படம் போட்ட கருவி ஒன்று உண்டு.
தடவினால் போதும்,
பக்கத்தில் இருப்பதைக் கேட்டு நடுவை நிரப்பும்.
பக்கத்தில் இருப்பதும் விரிசலானால்
விரிசலையே இன்னும் அழகாகப் போட்டுத்தரும்.
இரண்டு தடவை அப்படித்தான் செய்தது.

இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன்.

இரு கரையிலும் ஒவ்வொரு குச்சி.
ஒன்றில் ஆணி அறைந்த பட்டைச்சட்டம்
மற்றதன்மேல் சும்மா கிடந்தது.
சட்டத்தில் பென்சில் கோடுகள், கோட்டுக்குக் கோடு தேதி.
மூன்று.
எட்டோ ஒன்பதோ, கட்டம் கட்டமாய்க் கலங்கியிருந்தது.
பத்து. பதினொன்று.
முதல் இரண்டுக்கும் நடுவே நகக்கண் அளவு.
கடைசி இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல்.

யாரோ தினமும் குனிந்திருக்கிறார்கள்.
படத்தின் வலது ஓரத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் இருந்தது,
சேறு அப்பியது.
அதை நான் முதல் வேலையாகவே வெட்டிவிட்டிருந்தேன்.

போன் செய்தேன்.
"அண்ணா, அந்த விரிசல்கிட்ட…"
"விரிசலா? மழைத்தண்ணி போன தடம்மா அது.
கிறிஸ்துமஸுக்கு மூணும் ஃபுல் ஆகணும். ராத்திரிக்குள்ள குடு."

படத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
விரிசலுக்கென்று தனியாக இல்லை.

முடித்துக் கொடுத்தேன்.
கோடு போயிற்று. சிவப்பு போயிற்று.
குச்சியைத் தொடவில்லை.
மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்,
கேட்டால் அதைத்தான் சொல்வேன்.
துளிப் பழுதில்லாத புல், அதன் நடுவே
எதையும் அளக்காத ஒரு சட்டம்.

பதில் வந்தது:
"சூப்பர்மா. அதென்ன குச்சி, பேட்மின்டன் நெட் கட்டவா?
இருக்கட்டும், வர்றவங்களுக்குப் பிடிக்கும்."

இரண்டு நாளாகத் தகரத்தில் மழை.
மின்சாரம் வந்ததும் கோப்பைத் திறந்தேன்.
ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண்.
மேலே இருப்பதன் கண்ணை மூடினால்தான்
கீழே இருப்பது தெரியும்.

மூடினேன்.
சட்டத்தில் கடைசிக் கோடு பதினொன்று.
இன்றைக்குத் தேதி பத்தொன்பது.